கொடையாக வரும் மருந்தும் குறிப்பேட்டின் மதிப்பும்

ஹீமோஃபிலியா உள்ள பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "இவ்வளவு விலையுள்ள மருந்தை இலவசமாகத் தருவது யார்?" என்பது ஒன்று. "அடுத்த ஆண்டும் கிடைக்குமா?" என்பது மற்றொன்று. இரண்டாம் கேள்விக்கான விடையில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை விளக்கவே இக்கட்டுரை.

நோயைப் பற்றிச் சில சொற்கள்

இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட வேண்டும். அவற்றுள் எட்டாம் உறைவுக் காரணி குறைந்தால் அது ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா பி. நீங்கள் 'ஃபேக்டர்' என்று அழைக்கும் ஊசிமருந்து இந்தக் காரணிதான். இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இது இருப்பின், நோய் கடுமையானது என்கிறோம். அத்தகையோருக்கு அடிபடாமலேயே முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் இரத்தம் கசியும். ஒரே மூட்டில் பலமுறை கசிந்தால் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு மடக்கவோ நீட்டவோ இயலாதவாறு இறுகிவிடும். தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

தாய் வழியாக மகனுக்கு வருவதே பெரும்பான்மை. எனினும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குடும்பத்தில் இந்நோய் இதற்கு முன் எவருக்கும் இருந்திராது. இது எவருடைய தவறாலும் வருவதன்று.

கணக்கில் வராத நோயாளிகள்

பதிவேடுகளை முறையாகப் பேணும் நாடுகளின் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, உலகில் ஏறத்தாழ 11,25,000 ஆண்களுக்கு ஹீமோஃபிலியா இருக்கும் என்றும், அவர்களுள் 4,18,000 பேருக்கு நோய் கடுமையாக இருக்கும் என்றும் 2019இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் அப்போது கண்டறியப்பட்டுப் பதிவாகியிருந்தோர் சுமார் 2 லட்சம் பேரே. பதிவாகாத மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளில் வாழ்கின்றனர்.

இதற்குக் காரணம் இரண்டு. நோயை உறுதிசெய்யும் ஆய்வகமும் பயிற்சி பெற்றோரும் பல இடங்களில் இல்லை. நோய் உறுதியான இடத்திலும் மருந்து வாங்கப் பணம் இல்லை. மருந்தை மட்டும் அனுப்பினால் முதற்குறை தீராது. பரிசோதனையை மட்டும் கற்பித்தால், 'உன் மகனுக்கு இந்த நோய்' என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்பியதாகும். இரண்டும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

உதவி வளர்ந்த வழி

கனடாவின் மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த ஃபிராங்க் ஷ்நாபெல், தாமே கடுமையான ஹீமோஃபிலியா உடையவர். அவருடைய முயற்சியால் 1963இல் உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பு உருவாயிற்று. அவர் பிறந்த ஏப்ரல் 17ஆம் நாளைத்தான் 1989 முதல் உலக ஹீமோஃபிலியா நாளாகக் கொண்டாடுகிறோம்.

இக்கூட்டமைப்பு 1996இல் மருந்துக்கொடைத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் கொடை ஒழுங்காக வரவில்லை. காலாவதி நெருங்கிய குப்பிகளே பெரும்பாலும் வந்தன. அடுத்த மாதம் மருந்து இருக்குமா என்று தெரியாதபோது எந்த மருத்துவராலும் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்க இயலாது.

2014இல் பயோஜென் ஐடெக், சோபி ஆகிய நிறுவனங்கள் 10 ஆண்டுகளில் 100 கோடி அலகு மருந்தைக் கொடையாகத் தருவதாக அறிவித்தன. அதில் 50 கோடி அலகு வரை முதல் 5 ஆண்டுகளில் கூட்டமைப்பின் வழியாக வழங்கப்படும் என்றும் கூறின. 2015 முதல் அந்த மருந்து நாடுகளைச் சென்றடைந்தது. உடலில் நீண்ட நேரம் செயல்படும் வகை மருந்து அது. அளவைவிடப் பெரிய மாற்றம், அதன் உறுதிப்பாடு. இத்தனை ஆண்டுகளுக்கு இவ்வளவு வரும் என்று தெரிந்தபின்னரே அறுவைச் சிகிச்சைகளையும், சிறு குழந்தைகளுக்கான முன்தடுப்புச் சிகிச்சையையும் திட்டமிட முடிந்தது. 2019 முதல் எமிசிசுமாப் என்னும் தோலடி ஊசிமருந்தும் இத்திட்டத்தில் சேர்ந்தது. சிரை கிடைக்காத குழந்தைகளுக்கும், ஃபேக்டரை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உருவானவர்களுக்கும் அது பெருந்துணை. எனினும் அது கசிவைத் தடுக்கும் மருந்தே. தொடங்கிவிட்ட கசிவை நிறுத்தும் மருந்தன்று.

குறைந்த அளவிலும் பயன் உண்டு

செல்வ நாடுகளில் முன்தடுப்புக்காக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 25 முதல் 40 அலகு வீதம், வாரம் மூன்று முறை தருவது வழக்கம். கையிருப்பு குறைந்த நாடுகளால் அது இயலாது. ஆனால் கிலோவுக்கு 10 அலகு வீதம் வாரம் இருமுறை தந்தாலே, கசிந்தபின் மட்டும் தருவதைவிட மூட்டுக்கசிவு வெகுவாகக் குறைகிறது என்பதைச் சீனா முதலிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே எங்கள் மருத்துவர் குறைந்த அளவைப் பரிந்துரைத்தால் அதனை அரைகுறைச் சிகிச்சை என எண்ண வேண்டாம். நாள் தவறாமல் போடுவதில்தான் அதன் பயன் அடங்கியுள்ளது.

பெறுபவர் கொடுப்பவராதல்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இக்கூட்டமைப்பின் பன்னாட்டுப் பயிற்சி மையங்களுள் ஒன்று. பிற நாட்டு மருத்துவர்களும் ஆய்வகப் பணியாளர்களும் அங்கே வந்து பயில்கின்றனர். உறைவுப் பரிசோதனைகள் சரியாக நடைபெறுகின்றனவா என்று மற்ற ஆய்வகங்களைச் சோதிக்கும் தர உறுதித் திட்டத்தையும் அது நடத்துகிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து அங்கு 5 நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட மரபணுச் சிகிச்சையின் முடிவு 2024இல் வெளியாயிற்று. கண்காணிப்புக் காலத்தில் அவர்களுக்குக் கசிவு ஏற்படவில்லை. அது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளுங்கள்.

கொடை ஒரு பாலம்

எந்த நிறுவனத்தின் கொடையும் என்றைக்குமானதன்று. அந்தப் பாலத்தின் மறுகரை, அரசின் நிதி ஒதுக்கீடு. நம் நாட்டில் 1983இல் நோயாளிகளும் குடும்பத்தினரும் தொடங்கிய இந்திய ஹீமோஃபிலியா கூட்டமைப்பு அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்து வந்துள்ளது. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோஃபிலியாவையும் மாற்றுத்திறன் வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது.

அரசோ கொடையாளரோ முதலில் கேட்பது எண்ணிக்கையைத்தான். எத்தனை பேர்? எத்தனை கசிவுகள்? எத்தனை அலகு செலவாயிற்று? பதியாத நோயாளிக்கு மருந்து ஒதுக்க எவராலும் இயலாது. எழுதப்படாத ஊசி, போடப்படாத ஊசியாகவே கணக்கில் நிற்கும். அதனால்தான் உங்கள் குறிப்பேட்டை நாங்கள் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தாயையும் உடன்பிறந்த சகோதரிகளையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

• மூட்டில் கூச்சமோ இறுக்கமோ வெதுவெதுப்போ தோன்றியதும் ஃபேக்டர் போட ஏற்பாடு செய்யுங்கள்; இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நன்று. வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தலையில் அடிபட்டால் அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே வாருங்கள்.

• ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, நேரம், காரணம், எந்த மூட்டு, எத்தனை அலகு, குப்பியின் தொகுதி எண் ஆகியவற்றை எழுதுங்கள்.

• மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். உறைநிலைப் பகுதியில் வைக்கக் கூடாது. பயன்படாத குப்பியைக் காலாவதியாகும் முன்பே திருப்பித் தந்தால் அது மற்றொரு பிள்ளைக்கு உதவும்.

• ஆஸ்பிரின் வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் எந்த வலி மாத்திரையும் வேண்டாம். தசையில் போடும் ஊசியைத் தவிர்க்குமாறு எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

• கொடை மருந்து விற்பனைக்குரியதன்று. அதற்கு எவரேனும் பணம் கேட்டால் எங்களிடம் தெரிவியுங்கள்.

"அடுத்த ஆண்டும் கிடைக்குமா?" என்ற கேள்விக்கு எந்த மருத்துவராலும் உறுதிமொழி தர இயலாது. ஆயினும் கேட்டுப் பெறுவதற்கான சான்று நம் கையில் இருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டை மறவாமல் கொண்டு வாருங்கள். விடுபட்ட பக்கங்கள் இருப்பின் உடன் அமர்ந்து நிரப்பிக்கொள்வோம்.