ஃபெர்ரி தாமதம்

ஜார்ஜ்டவுன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் அம்மா நேற்று வந்துவிட்டுப் போனாள். காருக்கென்று நீ வாங்கிய பணம் காருக்குப் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏசுவேன் என்று பயந்துதான் என் போனை நீ எடுக்கவில்லை போலும். ஏசமாட்டேன். அந்த யோக்கியதை எனக்கில்லை.

பட்டர்வொர்த்தில் வேலை பார்த்த காலத்தில், பத்து கந்தோங் குதிரைப் பந்தயத் திடலே கதியென்று கிடந்தவன் நான். வீடு திரும்ப இருட்டிவிடும். “ஃபெர்ரி தாமதம்” என்பேன் உன் பெரியம்மாவிடம். நான் சொன்ன அளவுக்கு அந்த ஃபெர்ரி ஒருநாளும் தாமதமானதில்லை, பாவம். 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப் 2025-இல் பந்தயத்தை நிறுத்தியது. பேப்பரில் படித்தபோது நிம்மதியாக இருந்தது. கூடவே வயிற்றுக்குள் பழைய பரபரப்பும் எட்டிப் பார்த்தது. விட்டு முப்பது வருஷமாகியும்!

தோற்ற நாட்கள் எனக்கு நினைவில்லை. ஜெயித்த ஒரே ஒரு நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதைத் திரும்பப் பிடிக்கத்தான் அத்தனை வருஷம் ஓடினேன். வள்ளுவர் சூதாட்டத்தின் வெற்றியைத்தான் மீன் விழுங்கும் தூண்டிலோடு ஒப்பிட்டார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது மண்டையில் ஏறவில்லை.

உன் அப்பா எடுக்கும் நாலு நம்பர் லாட்டரியையே பார். பத்தாயிரம் நம்பரையும் நம்பருக்கு ஒரு வெள்ளி வைத்து ‘பெரிய’ பந்தயத்தில் வாங்கினால், முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, 180 வெள்ளி வீதம் பத்து, 60 வெள்ளி வீதம் பத்து. கூட்டினால் 6,400. கட்டியது 10,000. கனவில் பாம்பு வந்தாலும், விபத்தான காரின் நம்பரை எழுதி வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதற்காவது குலுக்கல் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். உன் கையிலிருக்கும் போன் சூதாட்டத்துக்கு அதுவும் கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கும் ‘ஃப்ரீ கிரெடிட்’ என்று மெசேஜ் வரும். லைசென்ஸ் இல்லாத அந்த ஆட்டத்தில் திருப்பித் தருவது எத்தனை சென் என்று கேட்கக்கூட ஆளில்லை.

உனக்கு மனஉறுதி இல்லை என்று உன் அம்மா அழுகிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சூதுப் பழக்கத்தை மது, போதைப் பழக்கங்களோடு சேர்த்தே வைத்திருக்கிறது. நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளால், அதுவரை சூதையே அறியாத சிலர் சூதாடத் தொடங்கி, மருந்தை மாற்றியதும் விட்டிருக்கிறார்கள். மூளைக்குள் ஏதோ நடக்கிறது, தம்பி. அதற்கு வைத்தியம் உண்டு. பெரும்பாலும் பேச்சு வைத்தியம்தான்: எந்த நேரத்தில், எந்த எண்ணத்தில் கை போனுக்குப் போகிறது என்று பிடித்து, ‘விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்ற நினைப்பை உடைப்பார்கள். சிலருக்கு மாத்திரையும் உதவுகிறது.

அம்மா வளையலைக் கழற்றிக் கடனை அடைக்கிறேன் என்றாள். வேண்டாம் என்று தடுத்தது நான்தான், கோபித்துக்கொள். அடைத்த மறுநாளே புதுக் கடனுக்கு இடம் பிறந்துவிடும். எனக்கு அது நடந்திருக்கிறது. கடனை ஒரு தாளில் முழுசாக எழுது, ஒன்றையும் மறைக்காதே. வங்கிக் கடன்களுக்கு ஏகேபிகே இருக்கிறது. காசு வாங்காமல் கணக்குப் பார்த்து, தவணையை மாற்றித் தர வழி சொல்வார்கள். வட்டி முதலையிடம் வாங்கியிருந்தால் அதை முதலில் எனக்குச் சொல். ஏடிஎம் கார்டை உன் மனைவியிடம் கொடு. மானக்கேடாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்போதெல்லாம் சம்பள நாளில் உன் பெரியம்மா ஃபெர்ரித் துறையில் வந்து நிற்பாள். கூட வேலை செய்தவர்கள் பார்க்க, கவரைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுப்பேன். அவள் பஸ்ஸுக்கு எண்ணித் தருவாள்.

ராத்திரியில் தப்பான யோசனை ஏதாவது வந்தால் என்னை எழுப்பு. முடியாவிட்டால் 15555-க்கு அடி, சுகாதார அமைச்சின் ஹீல் லைன் அது. பினாங்கு பிஃப்ரெண்டர்ஸும் இருக்கிறார்கள்.

புதன்கிழமை லீவு எடு. முதலில் அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போவோம், கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். ஐசியை மறக்காதே. காலை எட்டு மணிக்குக் கொம்தார் பஸ் நிலையத்தில் நிற்பேன். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. அவளிடம் இன்னும் சொல்லவில்லையென்றால், செவ்வாய் ராத்திரிக்குள் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
பெரியப்பா