நகர்ப்புற மறுகுடியமர்வும் மாநகராட்சிப் பள்ளி மாணவரும்

முன்னுரை
1920-இல் பிட்டி தியாகராயர் முயற்சியால் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பசி கல்விக்குத் தடையாகலாகாது என்பது அதன் நோக்கம். இன்று நகர்ப்புற ஏழை மாணவரின் கல்விக்குக் குடிப்பெயர்வும் தடையாகிறது. அத்தடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிக்கல்
கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல கண்ணகி நகர், பெரும்பாக்கம் முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. கல்வியாண்டின் இடையில் வீடு மாறும் மாணவர் முன் இரு வழிகளே உள்ளன: பழைய பள்ளிக்கு நெடும்பயணம், அல்லது அறிமுகமற்ற பள்ளியில் பாதியில் சேர்தல். மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுத்தலாகாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் (பிரிவு 5). ஆயின் அச்சட்டம் 6 முதல் 14 வயதினர்க்கே உரியது. பொதுத்தேர்வை எதிர்நோக்கும் பத்தாம் வகுப்பு மாணவர் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றனர்.

மேம்பாட்டு வழிகள்
குடியமர்வைக் கோடை விடுமுறையில் மேற்கொள்ளுதல் வேண்டும். வீடு ஒதுக்குமுன் அருகமைப் பள்ளியில் வகுப்பறையும் ஆசிரியரும் உறுதிசெய்யப்பட வேண்டும். தேர்வெழுதுவோர்க்குக் கட்டணமில்லாப் பயண அட்டை மட்டும் போதாது. பள்ளி நேரத்திற்கேற்ற பேருந்தும் தேவை. பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகக் குடியேறிய பெற்றோர் இடம்பெறல் வேண்டும்.

முடிவுரை
வீட்டு ஒதுக்கீட்டு ஆணையும் பள்ளிச் சேர்க்கையும் ஒருங்கே அமையின், குடிப்பெயர்வு கல்வியிழப்பாக முடியாது என்பது இவ்வாய்வின் முடிவாகும்.