பசி ருசி அறியாதா?

குளத்தூரில் ஏழாம் வகுப்புக்குச் சுவை உணர்வு பற்றி நடத்தும்போது, "பசி ருசி அறியாது" என்ற பழமொழியைச் சொன்னேன். "பசிச்சா வெறும் கஞ்சியே இனிக்குதே சார்?" என்றான் ஒரு மாணவன். செய்தே பார்த்துவிடலாம் என்றேன்.

கனிந்த வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈக்களை இரண்டு பாட்டில்களில் பிடித்தோம். ஒன்றில் பழத்துண்டு, மற்றதில் ஈரப் பஞ்சு மட்டும். மறுநாள் பழத்தை எடுத்துவிட்டு, நீல உணவு நிறம் கலந்த இலேசான சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை இரண்டிலும் வைத்தோம். அரை மணி நேரம் கழித்து லென்ஸில் பார்த்தால், பட்டினி ஈக்களின் வயிறுதான் அதிகம் நீலமாகியிருந்தது. பிறகு ஈக்களைத் திறந்துவிட்டோம்.

ஈ காலாலும் சுவை அறியும். பசித்த ஈயில் டோபமின் இனிப்பை உணரும் நரம்புகளைக் கூர்மையாக்குகிறது என்று 2012இல் கண்டறிந்தார்கள். கசப்புணர்வோ மந்தமாகிறது. ஆக, பசி ருசியை அறியாமல் இல்லை; ருசியையே மாற்றுகிறது. ஈயின் சுவையுணர்வை 1970களிலேயே மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிக்கா ரோட்ரிக்சும் ஆராய்ந்ததையும் சொன்னேன்.

கேள்வி கேட்ட மாணவன் அன்று காலை சாப்பிடாமல் வந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. இப்போதெல்லாம் வருகைப் பதிவுக்கு முன்பே, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிடுகிறேன். மேசையில் பிஸ்கட் வைத்திருக்கிறேன்.