அரியரும் பெரியாறும்

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



ஒவ்வொரு ஆண்டு மலரிலும் தன்னம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். அதில் எடிசன் ஆயிரம் தடவை தோற்றிருப்பார். சிலந்தி விழுந்து விழுந்து வலை பின்னியிருக்கும். படித்து முடித்ததும் நமக்கு நெஞ்சு நிமிரும். மறுநாள் காலை மேத்ஸ் பீரியடில் அது பழையபடி குனிந்துகொள்ளும். இந்த வருஷம் அந்தக் கட்டுரை என் தலையில் விழுந்தது. எடிசனுக்கு இந்த ஒரு வருஷமாவது ஓய்வு கொடுத்துவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் சிவில் பாடமும் சேர்ந்து வரும். மற்ற துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எனக்கு ஊர் கோம்பை. உத்தமபாளையத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி வரவேண்டும். மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கும். ஜூன், ஜூலை மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும். எங்களுக்குக் காற்று மட்டும் வரும். அப்பாவுக்கு மானாவாரி நிலம். அம்மா விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டிய பிறகு வருவார்.

கோம்பை என்றதும் எல்லோரும் கேட்பது நாயைப் பற்றித்தான். செவலை நிறம், கறுத்த மூக்கு, பிடித்த பிடியை விடாது. என் அப்பத்தாவும் அதைத்தான் எனக்கு உதாரணம் காட்டுவார். "நம்ம ஊரு நாய் மாதிரி கவ்வுனா விடக்கூடாதுடா ராசா. பென்னி குயிக் தொரை அப்படித்தான் டேமைக் கட்டுனாரு. பொண்டாட்டி நகையெல்லாம் வித்துக் கட்டுனாரு."

இந்த நகைக் கதை கம்பம் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் உண்டு. அது வாய்வழியாக வந்த கதை. அணை என்னவோ சென்னை மாகாணப் பொதுப்பணித்துறையின் வேலைதான். ஆனால் நன்றி உள்ளவர்கள் கதையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அதில் தப்பில்லை. நான் செய்த தப்பு வேறு. அந்தக் கதையிலிருந்து "கவ்வினால் விடக்கூடாது" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பாலிடெக்னிக்குக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் வருஷம் மேத்ஸில் அரியர். விடுவேனா? அதே நோட்டை, அதே வரிசையில், இன்னும் சத்தமாகப் படித்தேன். ராத்திரி ஒரு மணி வரை விழித்தேன். மறுபடியும் ஊத்திக்கொண்டது. மூன்றாவது தடவையும் அதே நோட்டு, அதே வரிசை. நாய் நன்றாகத்தான் கவ்வியிருந்தது... ஆனால் கவ்வியது முயலை இல்லை, வேலிக் கம்பை!

இரண்டாம் ஆண்டில் எனக்கு செமினார் தலைப்பாகப் பெரியாறு அணை வந்தது. சொந்த ஊர்ச் சங்கதிதானே, பத்து நிமிஷத்தில் பேசிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான், அப்பத்தா சொன்னதில் முக்கால் பங்கு விட்டுப்போயிருந்தது தெரிந்தது.

மலைக்கு மேலே ஓடும் பெரியாறு இயற்கையில் மேற்கே போய் அரபிக் கடலில் சேருகிற ஆறு. அதை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி வைகையில் விட்டால் மதுரை, இராமநாதபுரம் பக்கம் பிழைத்துக்கொள்ளுமே என்ற யோசனை பென்னி குயிக்குடையது அல்ல. 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு முயன்றிருக்கிறார். செலவு தாங்காது என்று நின்றுபோனது. 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் வந்து பார்த்து, இது நடக்கிற காரியமே இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார். (இவர் வேறு, இடையன்குடி பிஷப் கால்டுவெல் வேறு. செமினாரில் நான் இரண்டு பேரையும் ஒருவராக்கி மாட்டிக்கொண்டேன்.)

அந்தக் கால்டுவெல்லைத் தன்னம்பிக்கை இல்லாதவர் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலையில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் போடவேண்டும். 1808-ல் டைனமைட் கிடையாது. நோபல் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1867-ல்தான். கையில் இருந்த கருவியை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. நமக்கு "முடியாது" என்று சொல்பவரெல்லாம் எதிரி இல்லை, நண்பர்களே. எது இல்லாததால் முடியாது என்கிறார் என்று கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் உதவும்.

1850-ல் ஃபேபர் என்ற காப்டன் ஒரு சின்ன அணையைக் கட்டத் தொடங்கினார். காட்டுக் காய்ச்சலும் கூலித் தகராறும் சேர்ந்து வேலையை நிறுத்திவிட்டன. பிறகு 1867-ல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் 162 அடி உயரத்துக்கு மண் அணை போடலாம் என்று திட்டம் கொடுத்தார். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கார் சுறுசுறுப்பானது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை ஜான் பென்னி குயிக் கையில் வந்தது.

இவர் 1841 ஜனவரி 15-ல் புனாவில் பிறந்தவர். எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருக்கும்போது, சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அவரும் ராணுவப் பொறியியல் படித்துவிட்டு 1860-ல் சென்னைக்கு வந்தார்.

அவர் செய்த முக்கியமான மாற்றத்தை சிவில் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மண் அணை என்ற யோசனையை விட்டுவிட்டுக் கல்லும் சுண்ணாம்புக் காங்கிரீட்டுமாக அணையை வடிவமைத்தார். ஏன் அது முக்கியம் என்றால், கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும். பாதி கட்டிய மண் அணையின் மேல் தண்ணீர் ஏறினால் அரித்துக்கொண்டு மொத்தமும் போய்விடும். இறுகிய கல் கட்டுமானத்தின் மேல் தண்ணீர் ஏறி வழிந்தாலும் அது நிற்கும். வெள்ளம் வடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெள்ளம் வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளாமல், வரும் என்று வைத்துக்கொண்டே போட்ட டிசைன் அது. நாமெல்லாம் பாசிட்டிவ் அப்ரோச் என்று சொல்கிறோமே, அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

சிமென்ட் எளிதாகக் கிடைக்காத காலம். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவைதான். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடி. வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப்பட்டுத்தான் மெள்ள இறுகும். சுர்க்கி சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். சுண்ணாம்புக் கல்லைக் கூடலூர்ப் பக்கம் குருவனூத்தில் வெட்டி மலைமேல் ஏற்றினார்கள். அணையின் உயரம் ஆற்றுப்படுகையிலிருந்து 155 அடி, நீளம் 1,200 அடி. மேலே அகலம் 12 அடிதான். அடியில் 138 அடி. இந்த வித்தியாசம் ஏன் என்று வைவாவில் கேட்பார்கள். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும். 155 அடியை 47.24 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, உயரத்தின் வர்க்கத்தில் பாதியைப் போட்டுப் பாருங்கள். விளிம்பு வரை தண்ணீர் நின்றால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 1,115 டன் தள்ளும். தள்ளும் இடம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அதைத் தன் எடையை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்பதால்தான் கிராவிட்டி டேம் என்று பெயர்.

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 வருஷ ஒப்பந்தம் ஆயிற்று. மறுவருஷம் வேலை தொடங்கியது. ஆற்றைத் தற்காலிகமாக மறிக்கப் போட்ட கரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போட்டார்கள், திரும்பவும் போனது. ஃபேபர் காலத்தில் கூலியாட்கள் நிற்காமல் போனது ஞாபகம் இருந்ததால் இந்தத் தடவை பட்டாளத்தின் பயோனியர் படையும் வந்திருந்தது. மறிப்புக் கரை வேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள். முன்னால் போனவன் எங்கே விழுந்தான் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தவன் கால் வைத்திருக்கிறான். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். முத்திருளப்ப பிள்ளையிலிருந்து எண்ணினால் 106 வருஷம்.

செமினார் முடிந்த அன்று ராத்திரி என் மேத்ஸ் நோட்டை எடுத்து, மூன்று தடவை எழுதியதிலும் எங்கே மார்க் போனது என்று முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன். மேட்ரிக்ஸ் எனக்கு நன்றாகவே வந்தது. போனதெல்லாம் டிரிக்னாமெட்ரி, அதுவும் பத்தாம் வகுப்பில் நான் சாய்ஸில் விட்ட பாடம்! தம்பியிடம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி அங்கிருந்து ஆரம்பித்தேன். நாலாவது தடவை 58 மார்க்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் என் அறை நண்பன் விடவில்லை.

அவனுக்கு ஐந்து அரியர். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான்; வீட்டில் கடன். போன டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டான். "திருப்பூர் போறேன் மாப்ள, பனியன் கம்பெனிக்கு." நான் பென்னி குயிக் கதையை எடுத்தேன். "இந்தக் கதையெல்லாம் மேடையில வச்சுக்க" என்றான். சரி, போவதற்கு முன்னால் ரெண்டு நாள் எங்க ஊருக்கு வா என்று கையோடு கூட்டிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை லோயர் கேம்ப் போனோம். அணை மலைமேல் காட்டுக்குள் கேரளப் பகுதியில் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் நினைத்தவுடன் போக முடியாது. லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் மின் நிலையத்துக்கு இறங்குவதைப் பார்க்கலாம். 2013 ஜனவரி 15-ல் திறந்த பென்னி குயிக் மணிமண்டபமும் அங்கேதான். சிலைக்கு முன்னால் நின்று, நான் செமினாரில் பேசியதையெல்லாம் மறுபடி ஒப்பித்தேன். அணை வேலையில் நோய்வாய்ப்பட்டு 483 பேர் இறந்ததாகவும், அணைக்குப் பக்கத்திலேயே அவர்களைப் புதைத்ததாகவும் கணக்கு இருப்பதைச் சொன்னேன். கொசு கடித்துத்தான் மலேரியா வருகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்ததே 1897-ல். அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து.

அவன் சிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான். "இந்த 483 பேருக்கு மனஉறுதி இல்லையா மாப்ள?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை. மலைக்குப் போன எல்லோருக்கும் உறுதி இருந்திருக்கும். வீட்டில் பசி இருந்தவன்தானே அந்தக் காட்டுக்கு வேலைக்குப் போயிருப்பான். காய்ச்சல் மனஉறுதியைப் பார்த்து வருவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைய வைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தேனி பக்கம் பாலார்பட்டியில் வருஷா வருஷம் பென்னி குயிக் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இவர்களுக்கு எந்த நாளில் வைப்பது?

திரும்பி வரும்போது கூடலூரில் டீ குடித்தோம். அங்கேதான் உருப்படியாகப் பேசினோம் என்று சொல்லவேண்டும். அவனுடைய பிரச்சினை மனசு இல்லை, பணமும் நேரமும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து பேப்பரையும் ஒரே மூச்சில் எழுதுவது என்ற திட்டத்தை விட்டோம். ஏப்ரலில் இரண்டு மட்டும். சனி, ஞாயிறு ஒரு கட்டட மேஸ்திரியிடம் அவன் வேலைக்குப் போவது. அந்தக் கூலி வீட்டுக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படிப்பது. ஹைட்ராலிக்ஸுக்கு அந்த 155 அடியையே கணக்காகப் போட்டோம். ஒரு தடவை அவன் கணக்குப்படி அணை கவிழ்ந்துவிட்டது, ஹாஸ்டலே சிரித்தது.

ஏப்ரலில் எழுதிய இரண்டில் ஹைட்ராலிக்ஸ் பாஸ். மற்றது மூன்று மார்க்கில் போய்விட்டது. இந்தத் தடவை அவன் பெட்டியைக் கட்டவில்லை. எந்தக் கேள்வியில் மார்க் போயிருக்கும் என்று கொஸ்டின் பேப்பரை விரித்துவைத்து உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நவம்பர் தேர்வுக்கு இரண்டு பேப்பருக்குப் பணம் கட்டியிருக்கிறான். மலர் உங்கள் கைக்கு வரும்போது முதல் பேப்பர் முடிந்திருக்கும்.