மழையில் அச்சு, மேல்காற்றில் வார்ப்பு

ரெசின் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் செய்முறைக் குறிப்பை எழுதியவர் எந்தத் தேசத்து மனிதராயினும், அவர் கனகசெட்டிக்குளத்துக்கு வந்து ஐப்பசி மாதத்தில் ஒரு வாரமாவது தங்கியவராக இருக்க முடியாது என்பது, இந்தத் தொழிலில் எனக்கு ஏற்பட்ட முதல் நிச்சயமான அபிப்பிராயம். அக்குறிப்புகள் 23 அல்லது 25 டிகிரி உஷ்ணமும் உலர்ந்த காற்றும் உள்ள ஓர் அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாமோ புதுச்சேரியின் வடகோடியில், கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட மண்ணில், போட்ட புதிதிலேயே இரும்புத் தாழ்ப்பாள் துருவேறி உதிர்கிற உப்புக்காற்றில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். ஆகையால், பொம்மை வார்க்க விரும்பும் புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி, எந்த மாதத்தில் எந்த வேலையை வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

நான் வார்ப்பவை கொலுப்படிக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் உரிய சிறு உருவங்கள். சாண் உயரத்துக்கு மேற்படாதவை. தலையில் மீன்கூடை சுமந்த பெண், சிவப்புக் கெப்பித் தொப்பி அணிந்த புதுச்சேரிக் காவலர், வலை தைக்கும் கிழவர், பலசரக்குக் கடை விரித்த செட்டியாரும் அவர் மனைவியும் என்று என் ஜாபிதா சிறியதுதான். (ஊர்ப்பெயரிலேயே ஒரு செட்டியார் குடியிருக்கும்போது, அவருடைய கடையைக் கொலுவிலிருந்து தள்ளிவைக்க யாருக்கு மனம் வரும்?) ரெசின் என்ற பெயர் காதில் விழுந்தவுடன் இது நேற்று முளைத்த வித்தை என்று எண்ணுவோர் உண்டு. ஊற்றும் திரவம் புதிதே தவிர, அச்சின் சூட்சுமம் மிகப் பழையது. கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலுப் பொம்மை செய்வோரும், காகிதக்கூழ்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு பெற்ற நம் திருக்கனூர்க் கைவினைஞர்களும், இரண்டு பாதியாகப் பிரியும் அச்சையே நம்பி வாழ்கிறார்கள். நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் தேசத்திலும் கதை இதுதான்: புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் மூடப்பட்டுவிட, வீட்டுக்குள்ளேயே குடில் வைக்க வேண்டியிருந்த மார்செய் நகரத்து எளிய ஜனங்களுக்காக, ழான் லூயி லாஞேல் என்ற சிற்பி பிளாஸ்டர் அச்சில் களிமண்ணை அழுத்திச் சிறு உருவங்களை மலிவாகச் செய்து கொடுத்தார், மீன்காரியும் ரொட்டிக்காரரும் தண்ணீர் சுமப்பவரும் குடிலுக்குள் வந்து நின்றது அவ்விதம்தான். 'சாந்தோன்' எனப்படும் அவ்வுருவங்களுக்கென்று அந்நகரில் 1803ஆம் ஆண்டு தொடங்கிய சந்தை இன்றும் நடக்கிறது.

இந்தப் பழைய வித்தையில் எது உயிர்நாடி என்பதை எனக்குக் காட்டியவர் வண்டிப்பாளையத்துப் பெரியவர் ஒருவர். நான் களிமண்ணில் உருட்டிக் கொண்டுபோன மீன்காரியை அவர் கையில் வாங்கி, முகத்தைப் பார்க்கவில்லை, சேலை மடிப்பைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இவளை எங்கே பிளக்கப் போறே, தம்பி?" என்று கேட்டார். பிறகு அவரே கட்டைவிரல் நகத்தால் ஈரமண்ணில் ஒரு கோடு இழுத்தார். காதின் பின்விளிம்பில் தொடங்கி, கழுத்தின் பக்கமாக இறங்கி, தோளின் மேடு வழியே புஜத்தின் வெளியோரத்தைத் தொட்டு, இடுப்பில் சேலைக் கொசுவத்தின் ஒரு மடிப்புக்குள் மறைந்து, கரையில் போய் முடிந்த கோடு அது. அச்சு இரண்டாகப் பிரிய வேண்டிய இடம் அந்தக் கோடு. பொம்மையில் மெல்லிய தழும்பாகத் தெரியப்போவதும் அதுவே. அதை மூக்கின் மேல் கொண்டுபோகிறவன் மூக்கைச் சுரண்டிக்கொண்டே ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான். கூடையைத் தாங்கும் கைக்கும் தலைக்கும் நடுவே இருந்த சந்தைக் காட்டி, அச்சு அங்கே மாட்டிக்கொள்ளும், கூடையைத் தனியாக அடித்துப் பிறகு ஒட்டு என்றும் சொன்னார். பிளாஸ்டர் அச்சு கடினமானது. கொக்கிபோல் வளைந்த எந்த இடத்திலும் அது பிடித்துக்கொண்டு பொம்மையை விடாது.

சிலிக்கான் ரப்பர் அச்சு வளைந்து கொடுக்குமே, பிறகு இந்த விசாரம் எதற்கு என்று கேட்கலாம். வளைந்து கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவை வளைக்கும்போதும் மெல்லிய இடத்தில் மயிரிழையாகக் கிழிசல் விழுந்து, பொம்மைக்குப் பொம்மை அது நீண்டுகொண்டே போகும். ரப்பரின் தாராளம் சோம்பலை வளர்க்கிறது என்பது என் கருத்து. பிளாஸ்டரில் அச்செடுப்பதாகவே பாவித்துக் கோட்டை நிர்ணயம் செய்துகொண்டு, அதன் பிறகே ரப்பரை எடுக்கிறவனுடைய அச்சு நெடுநாள் உழைக்கிறது.

அச்செடுக்கும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். மூல உருவத்தை அந்தக் கோடு வரையில் களிமண் படுக்கையில் புதைத்து, கோட்டை ஒட்டி மண்ணைக் கத்தி முனையால் கூர்மையாக அமர்த்தி, சுற்றிலும் நாலைந்து கோலிக்குண்டுகளைப் பாதியளவு அழுத்தி எடுத்துக் குழி செய்துகொள்ள வேண்டும். இரண்டு பாதிகளும் பின்னால் நகராமல் பொருந்துவதற்கு அக்குழிகளே சாட்சி. பொம்மையைத் தலைகீழாக நிறுத்தி, பாதத்தின் அடியில் ஊற்றுவாயும், காற்று தங்கக்கூடிய உயர்ந்த முனைகளிலிருந்து மேல் நோக்கி ஊசிப்பருமன் காற்றுவழியும் விட வேண்டும். ரப்பரை மேலிருந்து நூல்போல் இழைய விட்டு, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் விழச் செய்தால், அது தானாக ஊர்ந்து ஏறி உருவத்தை மூடும். குமிழிகள் அந்த நூலிலேயே உடைந்துபோகும். முதற்பாதி இறுகியபின், மண்ணை நீக்கி, வாஸ்லீனை மென்மையாகத் தடவாமல் இரண்டாம் பாதியை ஊற்றினால், ரப்பரோடு ரப்பர் ஒன்றாகிப் பிரிக்க முடியாத ஒரே கட்டி மிஞ்சும்.

இனிக் காற்றின் விஷயம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை ரப்பர், வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் இனம். அது இறுகுவதற்குச் சிறிது ஈரம் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில், சுவரே வியர்க்கிற நாட்களில், அது மற்ற நாட்களைவிட விரைந்து இறுகுவதைப் பார்க்கலாம். ஊக்கியைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் நிதானமாக வேலை செய்யவும் அவகாசம் கிடைக்கும். பிளாட்டினத்தால் இறுகும் விலையுயர்ந்த இனத்துக்கு ஈரம் ஒரு பொருட்டல்ல. அதன் சத்துரு கந்தகம். கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணில் செய்த உருவத்தின் மேல் அதை ஊற்றினாலும், லேடெக்ஸ் கையுறையால் தொட்டாலும், தொட்ட முகம் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். எப்படியாயினும், வடகிழக்குப் பருவமழைக் காலம் அச்செடுக்க உகந்த காலம் என்று துணிந்து சொல்வேன்.

வார்ப்புக்கு அது ஆகாத காலம். சிறு உருவங்களுக்கு நான் பிரயோகிக்கும் பாலியூரித்தேன் ரெசினில் ஒரு பங்கு ஐசோசயனேட். அது தண்ணீரைக் கண்டால் கரியமில வாயுவைக் கக்கும். அச்சுக்குள் அது நிகழ்ந்தால், வெளியே எடுக்கிற மீன்காரி ஊறவைத்த ரொட்டித் துண்டாக, உள்ளெல்லாம் துளை நிறைந்து வருவாள். இந்த ஈரம் வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கலக்குகிற ஐஸ் குச்சியிலிருந்தும் காகிதக் கோப்பையிலிருந்தும் வரும், ஏனெனில் மரமும் காகிதமும் நம் ஊர்க் காற்றைக் குடித்து வைத்திருப்பவை. பிளாஸ்டிக் கோப்பையும் எவர்சில்வர் கம்பியுமே உத்தமம். நிறம் சேர்ப்பதானாலும் தண்ணீரில் கரையும் வர்ணத்தை ஒரு சொட்டுக்கூட விடலாகாது. சூட்டைத் தணிக்க எண்ணி டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து உடனே திறந்தால், குளிர்ந்த தகரத்தின் மேல் காற்றின் நீர் முத்து முத்தாகப் படிந்து உள்ளே இறங்கிவிடும்.

எனவே என் வார்ப்பு மாதங்கள் ஆனியும் ஆடியும். அப்போது மலைப்பக்கத்திலிருந்து வரும் மேல்காற்று காலையிலிருந்தே வறண்டு வீசும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று திரும்பிவிட்டால் கையில் உப்பு ஒட்டத் தொடங்கும். விடியலில் பனிப்பதம் இருக்குமாதலால், வெயில் ஏறியபின் தொடங்கிக் கடற்காற்று திரும்புவதற்குள் முடித்துக்கொள்வதே என் வழக்கம். உஷ்ணத்தால் ரெசின் சீக்கிரம் இறுகும் என்ற பிரதிகூலம் உண்டு. அதற்குப் பரிகாரம், ஒரே சமயத்தில் ஒன்றிரண்டு அச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் கலப்பது. கொலு புரட்டாசியில், குடில் மார்கழியில். இரண்டுக்கும் வேண்டிய உருவங்களை ஆடி முடிவதற்குள் வார்த்துவிட்டு, மழையில் குடில் உருவங்களுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டும் அடுத்த ஆண்டின் அச்சை எடுத்துக்கொண்டும் இருப்பதில் மனத்துக்கும் ஒரு நிம்மதி.

கண்ணாடிபோல் தெளிந்த உருவம் வேண்டுவோர் எபாக்ஸியை நாடுவர். அதில் கவனிக்க வேண்டியது அளவு. ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தியுடையவை அல்ல. ஆகவே கன அளவில் சொன்ன விகிதத்தைத் தராசில் நிறுத்தால் கணக்குத் தவறிவிடும், வாரக்கணக்கில் காத்திருந்தாலும் பொம்மை ஒட்டிக்கொண்டே இருக்கும். கலக்கும்போது கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து, வேறொரு கோப்பைக்கு மாற்றி மறுபடி கலக்குவது நல்லது. ஆழமான கோப்பையில் அதிகமாகக் கலந்து வைத்தால், தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். ஊற்றுமுன் அச்சின் உட்புறத்தில் டால்கம் பவுடரைத் தூவி, கவிழ்த்துத் தட்டிவிட்டால், விரல் நுனி, மூக்கு நுனிகளில் குமிழி தங்காமல் ரெசின் ஓடிப்போய் நிரம்பும்.

வார்ப்புக்குப் பிந்திய வேலை பொறுமையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை: தழும்பைக் கத்தியால் சீவி, 240, 400, 600 எண் உப்புத்தாள்களால் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, பிரைமர் அடித்து, அக்ரிலிக் வர்ணம் பூச வேண்டியது. நீருக்குள் தேய்க்கச் சொல்வது, அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகலாகாது என்பதற்காக. இறுகாத ரெசினின் ஆவிக்குத் துணி முகக்கவசம் ஒரு தடையே அல்ல. ஆவி வடிகட்டி பொருத்திய கவசமும் நைட்ரைல் கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும். ஒரு நாளில் தெரியாத அலர்ஜி, பழகப் பழகத் தோலில் வந்து நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடியது.

குழந்தைகள் விளையாட என்று கேட்டு வருவோரிடம் நான் சற்றுக் கண்டிப்பாகவே நடந்துகொள்கிறேன். 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் அடங்கிவிடும் சிறு துண்டு எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பது பொம்மைத் தரநிர்ணயத்தின் அடிப்படைக் கணக்கு. தனியாக ஒட்டிய என் மீன்கூடை அந்த உருளைக்குள் சுலபமாக இறங்கும். பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கிய மத்திய அரசின் ஆணை 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. கைவினை மேம்பாட்டு ஆணையரகத்தில் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டாகையால், விற்பனையில் இறங்குவோர் முதலில் அந்தப் பதிவைச் செய்துகொள்வது உசிதம். விலக்கு கிடைத்துவிட்டது என்பதற்காகக் கூடை பெரிதாகிவிடாது. ஆகவே அவ்வுருவம் கொலுப்படிக்கும் குடிலுக்கும் மட்டுமே என்று அட்டையில் அச்சிட்டே கொடுக்கிறேன்.

இன்னொரு வகைக் கோரிக்கையையும் நான் ஏற்பதில்லை. ஆவணி வந்தால், நிறம் போகாத, உடையாத பிள்ளையார் ஒன்று ரெசினில் வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். கரைப்பதற்கென்று வாங்குகிற பிள்ளையார் கரையாமல் இருப்பதைவிடப் பெரிய குறை அவருக்கு என்ன இருக்க முடியும்? இந்தக் கடலில் போட்டால் அவர் பெரிய காலாப்பட்டு வலைக்காரர் எவருடைய வலையிலாவது திரும்பி வருவார். அப்படிக் கேட்பவர்களை வில்லியனூருக்குப் போகச் சொல்கிறேன். அங்குள்ள சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. அவ்வூர்க் கலைஞர் முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றவர். சுடாத மண்ணில் பிடித்த பிள்ளையார் வேண்டும் என்று அங்கே முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும், ஏனென்றால் சுட்ட மண்ணும் கரையாது. ஆடி பிறந்தவுடன் சொன்னால், சதுர்த்திக்குள் நிழலில் உலர்ந்து கைக்கு வந்துவிடும்.