கை வீக்கமும் கைமருந்தும்

பெங்களூரில் ஸ்ரீராமபுரம் என்று ஒரு பகுதி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். அங்கே ஒரு சந்தில் பூக்காரம்மாவின் வீடு.

பூக்காரம்மாவுக்கு வயது 46. விடியற்காலை 4 மணிக்கே கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போவார். மல்லிகை, கனகாம்பரம், சேவந்தி வாங்கி வருவார். வாசல்படியில் உட்கார்ந்து கட்டுவார். முழம் போட்டு விற்பார். மற்றவர்களுக்குப் பணம்தான் முதல். பூக்காரம்மாவுக்குப் பத்து விரல்தான் முதல்.

ஒரு நாள் காலையில் விரல்கள் மடங்கவில்லை. நாரைப் பிடித்து முடிச்சுப் போட முடியவில்லை. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. தொட்டால் சுட்டது. வெயில் ஏறிய பிறகுதான் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கின. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

"பனியில போறீங்க, அதான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "பால்ல மஞ்சள் போட்டுக் குடிங்க. சரியாப் போகும்."

பூக்காரம்மா ஒரு மாதம் மஞ்சள் பால் குடித்தார். வீக்கம் போகவில்லை.

அப்போது தெருவில் பை தூக்கி ஒருவர் வந்தார். "எல்லாம் மூலிகைம்மா. இங்கிலீஷ் மருந்து ஒரு துளி கிடையாது" என்றார். ஒரு டப்பா மாத்திரை 400 ரூபாய். பூக்காரம்மா வாங்கினார்.

மூன்றே நாளில் வலி பறந்தது. விரல் மடங்கியது. பூக்காரம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் போயிற்று. பூக்காரம்மாவின் முகம் உப்பியது. அடிக்கடி தாகம் எடுத்தது. இரவில் நாலு தடவை எழுந்து ஒன்றுக்குப் போனார். "அம்மா குண்டாயிட்டாங்க" என்று மகள் சிரித்தாள்.

மாலைப் படிப்பு வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் டீச்சரக்கா சிரிக்கவில்லை. "அந்த டப்பாவைக் கொண்டாங்கம்மா. என்ன எழுதியிருக்குன்னு படிப்போம்" என்றார்.

டப்பாவில் ஓர் இலைப் படம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. செய்தவர் பெயர் இல்லை. உரிமம் எண் இல்லை. தேதி இல்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்றும் இல்லை.

"படிக்கக் கத்துக்கிட்டோம். படிக்க ஒண்ணுமே இல்லையே!" என்றார் பூக்காரம்மா.

மறுநாள் இரண்டு பேரும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டப்பாவையும் எடுத்துப் போனார்கள்.

வீக்கம் ஏன் வருகிறது?

டாக்டரம்மா விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

நம் காலில் முள் குத்துகிறது. அந்த இடம் சிவக்கிறது. சுடுகிறது. வீங்குகிறது. வலிக்கிறது. ஏன்? முள்ளோடு கிருமியும் உள்ளே போயிருக்கும். அதைக் கொல்ல உடம்பு அங்கே கூடுதலாக ரத்தத்தை அனுப்புகிறது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் காவல்காரர்கள் போல ஓடி வருகின்றன. அந்தச் சண்டைதான் நமக்கு வீக்கமாகத் தெரிகிறது. இதற்குத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. அதிலிருந்து வந்த சொல் இது. நெருப்பு போலச் சுடுவதால் பொருத்தமான சொல்தான்.

இது நல்ல நெருப்பு. வேலை முடிந்ததும் அணைந்துவிடும். புண் ஆறிவிடும்.

சிலருக்கு அந்த நெருப்பு அணைவதில்லை. முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனாலும் காவல்காரர்கள் சொந்த வீட்டையே தாக்குகிறார்கள். வீட்டு நாய் வீட்டுக்காரரையே கடிப்பது போல. மூட்டுகளை இப்படித் தாக்கும் நோய் முடக்குவாதம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

"காலையில எவ்வளவு நேரம் விரல் மடங்காம இருந்துது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருக்கும்மா."

"ரெண்டு கையிலயுமா?"

"ஆமாம்மா."

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எக்ஸ்ரேயும் எழுதினார். அது முடக்குவாதம்தான் என்று தெரிந்தது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு கெடாமல் காக்கலாம். கவனிக்காமல் விட்டால் விரல்கள் கோணிவிடும். கோணிய விரலைப் பழையபடி நேராக்குவது கடினம். பூக்காரம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாவில் இருந்தது என்ன?

"இதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்கன்னு தோணுது" என்றார் டாக்டரம்மா.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. டாக்டர்களும் கொடுக்கிறார்கள். அளவு பார்த்து, நாள் பார்த்துக் கொடுக்கிறார்கள். அது வீக்கத்தை வேகமாக அடக்கும். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும். சர்க்கரை ஏறும். ரத்த அழுத்தம் ஏறும். எலும்பு பலம் இழக்கும். "மூலிகை" என்று சொல்லி விற்ற மூட்டு வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு ஒளிந்திருந்ததைப் பரிசோதனைகள் பல முறை காட்டியிருக்கின்றன. மூன்று நாளில் வலி பறந்தது மந்திரம் இல்லை. இதுதான்.

பூக்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. "இன்னிக்கே குப்பையில போடறேன்" என்றார்.

"வேண்டாம்மா! ஒரேயடியா நிறுத்தக் கூடாது" என்று தடுத்தார் டாக்டரம்மா.

இது பலருக்குத் தெரியாது. நம் உடம்பே தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்கிறது. வெளியிலிருந்து நிறைய வந்தால் உடம்பு தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை விட்டால் உடம்பில் இரண்டும் இருக்காது. ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதனால் சந்தேகமான மாத்திரையை எறியாதீர்கள். டப்பாவோடு டாக்டரிடம் கொண்டு போங்கள். பூக்காரம்மா பக்கத்து வீட்டு அக்காவையும் அன்று மாலையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்.

அப்படியானால் மஞ்சள் வீணா?

பூக்காரம்மா இதைத்தான் அடுத்துக் கேட்டார். நல்ல கேள்வி. இதற்குப் பெங்களூரிலேயே ஒரு பதில் இருக்கிறது.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான சத்தின் பெயர் குர்க்குமின். அழற்சியைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் வாயில் போட்டது ரத்தத்தில் சேர வேண்டுமே! பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்தார்கள். முடிவு 1998-ல் வெளிவந்தது. நோய் இல்லாத ஆட்களுக்கு 2 கிராம் குர்க்குமின் கொடுத்தார்கள். ரத்தத்தில் அது ஏறக்குறைய தென்படவே இல்லை. குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன.

பிறகு அதே 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தார்கள். பைப்பரின் என்பது மிளகின் காரம். எட்டுப் பத்து மிளகில் இருக்கும் அளவு. இப்போது குர்க்குமின் 20 மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்தது. ஆனால் அந்த உயர்வு முதல் ஒரு மணி நேரத்தில்தான் நன்றாகத் தெரிந்தது.

மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் பாட்டிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நாம் ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்போம்.

100 கிராம் மஞ்சள் தூளில் குர்க்குமின் சுமார் 3 கிராம். அப்படியானால் 2 கிராம் குர்க்குமினுக்கு எவ்வளவு தூள் வேண்டும்? சுமார் 66 கிராம். அதாவது ஒரே வேளையில் ஒரு கைப்பிடிக்கு மேல். பூக்காரம்மா பாலில் போட்டது கால் ஸ்பூன். அது உடம்புக்கு நல்லதுதான். முடக்குவாதத்தை அடக்க அது போதாது.

"அப்போ மஞ்சள் மாத்திரை வாங்கலாமா?" என்றாள் மகள்.

மருந்துக் கடைகளில் மஞ்சள் சத்து மாத்திரை விற்கிறார்கள். முழங்கால் தேய்மானத்துக்கு அது ஓரளவு வலி குறைத்தது என்று தாய்லாந்தில் நடந்த சோதனை 2014-ல் சொன்னது. தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. இன்னொரு பக்கமும் உண்டு. 2019-ல் இத்தாலி நாட்டில் மஞ்சள் சத்து மாத்திரை தின்ற சிலருக்குக் கல்லீரல் வீங்கியது. அரசாங்கம் எச்சரிக்கை விட்டது. மிளகுச் சத்து சேர்ந்த மாத்திரைகளில் இன்னும் கவனம் வேண்டும். மஞ்சளை வெளியே தள்ளும் வேலையை மெதுவாக்குகிற மிளகுச் சத்து, மற்ற மருந்துகளையும் அப்படியே தேங்க வைக்கலாம். வலிப்பு மருந்து அதில் ஒன்று. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். தினமும் மாத்திரையாக விழுங்குவதுதான் வேறு விஷயம். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மீன் எண்ணெய் மாத்திரையும் உண்டு. அது முடக்குவாத வலியை ஓரளவு குறைக்கிறது. மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதில் அல்ல. விலையும் அதிகம். மத்தி மீன் மலிவு. தமிழ்நாட்டில் சிலர் சாளை என்பார்கள். மங்களூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் மார்க்கெட்டுக்கு வருகிறது. அதே நல்ல கொழுப்பு அதில் நிறைய. வாரம் இரண்டு முறை குழம்பு வைக்கலாம். மீன் சாப்பிடாதவர்களுக்கு ஆளி விதை இருக்கிறது. கன்னடத்தில் அகசெ என்பார்கள். வட கர்நாடகத்தார் அதை வறுத்துப் பொடி செய்து சோள ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். மீனில் இருக்கும் அளவுக்கு அதில் பலன் இல்லை. ஆனாலும் நல்ல உணவு.

சமையலுக்கு மஞ்சள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கண்ணைப் பறிக்கும் நிறத்தைக் கண்டு மயங்காதீர்கள். லெட் குரோமேட் என்ற ஈயச் சாயத்தைச் சில வியாபாரிகள் கலக்கிறார்கள். கிழங்கின் மேலேயும் பூசுகிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். நிறம் சற்று மங்கலாக இருந்தாலும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

பூக்காரம்மாவின் சாப்பாடு

"காலையில என்ன சாப்பிடுவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மார்க்கெட்டுல டீ, பன். அப்புறம் ரெண்டு டீ. பசிச்சா பேக்கரி பப்ஸ். மத்தியானம் சோறு."

இதில் சர்க்கரையும் மைதாவும்தான் அதிகம். காய் இல்லை. கீரை இல்லை. இப்படிச் சாப்பிட்டால் எடை ஏறும். வயிற்றில் சேரும் கொழுப்பும் அழற்சியை வளர்க்கும். ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது.

பெங்களூரில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. கேழ்வரகுக் களியைக் கன்னடக்காரர் ராகி முத்தெ என்பார்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். ஸ்டீராய்டு தின்று பலம் இழந்த எலும்புக்கு இது தேவை. களிக்குக் கீரைச் சாறு தொட்டுக்கொள்ளலாம். அவரைக்காய்க் காலத்தில் அவரைப் பருப்புக் குழம்பு. ஒரு பிடி வேர்க்கடலை. கொய்யாப்பழம், நெல்லிக்காய். போண்டா சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது.

"புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாதுன்னு சொல்றாங்களே?"

"எல்லாருக்கும் ஆகாதுன்னு ஆதாரம் இல்லம்மா. உங்களுக்கு எது சாப்பிட்டா வலி கூடுதுன்னு நீங்களே ஒரு மாசம் எழுதிப் பாருங்க."

வீட்டுக்காரர் பீடி பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். புகை இந்த நோயை வளர்க்கும். சாப்பாடு நோயைக் குணப்படுத்தாது, மருந்துக்குத் துணை நிற்கும் என்று இரண்டு முறை சொன்னார்.

திங்கட்கிழமை மாத்திரை

கடைசியில் சீட்டு எழுதினார். மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். "இது வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் சாப்பிடக் கூடாது. தப்பித் தவறி தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து" என்றார். கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். இந்த மருந்தோடு சாராயம் கூடாது. டாக்டரைக் கேட்காமல் மஞ்சள் சத்து மாத்திரையும் கூடாது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் அதை முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பூக்காரம்மா வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த காலண்டரை இறக்கினார். பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையின் கட்டத்திலும் "மா" என்று எழுதினார். விரல் வலித்தது. நடுநடுவே நிறுத்தி நிறுத்தி எழுதினார். டிசம்பர் வரைக்கும் எழுதி முடித்துவிட்டுத்தான் காலண்டரை மாட்டினார்.

மாத்திரை நன்றாக வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதுவரை நாரைப் பிடித்து முடிச்சுப் போடும் வேலையை மகள் செய்தாள். பூக்காரம்மா முழம் போட்டார்.

பேசுவோம், செய்வோம்

1. உங்கள் வீட்டில் உள்ள மாத்திரை அட்டை ஒன்றை எடுங்கள். காலாவதித் தேதி எங்கே இருக்கிறது? உரிமம் எண் இருக்கிறதா? சத்துப் பொடி டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்.

2. இரண்டு கை விரல்களும் ஆறு வாரமாகக் காலையில் மடங்காதவர் உங்கள் தெருவில் யாராவது இருக்கிறாரா? அவரை எந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவீர்கள்? எப்படிப் போக வேண்டும் என்று எழுதுங்கள்.