அந்திம காலத்தில் உடனிருத்தல்

சைவ ஆசிரிய நண்பர்களே,

நமது மட்டக்களப்பு நாட்டிலே ஒருவர் இறந்தார் என்ற செய்தி கேட்டவுடன் ஊர் முழுவதும் ஓடிவரும். பந்தலிடுவோர், விறகு தறிப்போர், அயல்வீட்டிலே சோறு சமைத்து அனுப்புவோர், சுண்ணப்பாட்டுப் பாடுவோர் எனப் பலரும் தத்தம் கடனைக் கேளாமலே செய்வர். இது நமக்குப் பெருமையே. ஆயின், அவர் உயிரோடு பாயிலே கிடந்து வருந்திய மாதங்களில் அவ்வீட்டுப் படலையைத் திறந்து சென்றவர் எத்தனை பேர்? இவ்வினாவே இன்றைய பாடத்தின் பொருளாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் உன்னிச்சையிலே முதிய வேளாண்மைக்காரர் ஒருவர் புற்றுநோயாற் படுக்கையிற் கிடந்தார். யான் காணச் சென்றபோது, "வாத்தியார், நான் செத்தால் இந்த வளவு கொள்ளாத சனம் வரும். இன்றைக்கு என்னோடு இருக்க ஒருவருமில்லை" என்றார். மறுமொழி சொல்ல என் நா எழவில்லை. யானும் ஒருமாதம் எட்டிப் பாராதிருந்தவனே. மிஷன் கல்லூரியிலே யான் கற்ற நாளில், பாதிரியார் ஒருவர் மாலைதோறும் நோயாளர் வீடுகளுக்குச் சைக்கிளிலே செல்வதைக் கண்டிருக்கின்றேன். அதனால் என் சமயம் மாறவில்லை. நம்மவரிடத்து அவ்வழக்கம் குறைந்துள்ளதே என்ற நாணமோ, அன்று அம்முதியவர் முன்னிலையில் என்னை வருத்தியது.

"அது அவரவர் பிராரத்த வினை, அநுபவித்தே தீரவேண்டும்" என்று சொல்லி விலகுவோர் உளர். இது சைவமாகாது. திருநாவுக்கரசு நாயனார் சூலைநோயால் வருந்தித் திருவதிகையை அடைந்தபொழுது, தமக்கையாராகிய திலகவதியார் வினையென்று கூறி வாயிலை அடைத்தாரல்லர். திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். நோய் அவர் வினையாயின், கண்டும் வாளாவிருத்தல் நம் வினையாகும். திருவள்ளுவரும் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து துணைசெய்வோனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணினார். அந்த நான்காம் உறுப்பாக நாமும் ஆதல் கூடும்.

பிறநாட்டார் இதனை ஒரு துறையாகவே வளர்த்துள்ளனர். தாதியாயிருந்து பின்னர் மருத்துவம் கற்ற சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967ஆம் ஆண்டிலே இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். நோவு உடலில் மாத்திரமன்றி மனத்திலும், குடும்ப வாழ்விலும், ஆன்மாவிலும் உளதென்பது அவர் கற்பித்த உண்மை. கேரளத்துக் கோழிக்கோட்டிலே 1993இல் நோவு தணிக்கும் சங்கமொன்று தொடங்கியது. பின்னர் அம்மாநிலத்திலே அயலவர் தாமே பயிற்சி பெற்று நோயாளர் வீடுகளுக்குச் செல்லும் வழக்கம் பரவிற்று. 2008இல் அரசும் இப்பணியைத் தன் கொள்கையாக ஏற்றது. மாளிகை கட்டுதல் நமக்கு அரிது. அயலவர் வீட்டுக்குச் செல்லுதல் அரிதன்று.

இனி, நாம் கற்றுப் பிறர்க்கும் கற்பிக்கத்தக்கவை நான்கு.

முதலாவது, நோவு தணித்தல். மோர்பின் என்னும் மருந்து உயிரைக் குறுக்கும், அடிமையாக்கும் என்று அஞ்சி மறுப்போர் பலர். வைத்தியர் விதித்த அளவிலே கொடுத்தால் அது உயிரைக் குறுக்காது. நோவுக்காக உண்பவர் அதற்கு அடிமையாதலும் அரிது. நோவு முற்றும்வரை காத்திராது, வைத்தியர் குறித்த வேளைதோறும் கொடுத்தல் வேண்டும். அது மலச்சிக்கலை உண்டாக்குமாதலின் அதற்கும் மருந்து கேட்டு வாங்குக.

இரண்டாவது, உணவும் உடற்பேணலும். கடைசி நாட்களில் உடல் உணவை வேண்டாது. உண்ணாமையாற் சாவு வருகின்றதன்று. சாவு அணுகுதலாலே பசி நீங்குகின்றது. விழுங்க இயலாதவர் வாயிலே பால் வார்த்தால் புரையேறி மூச்சடைக்கும். பால் பருக்கும் கடனைச் செய்ய விரும்புவோர், சுத்தமான துணியை நனைத்து உதட்டில் ஒற்றுக. இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிக் கிடத்துதல் படுக்கைப்புண்ணைத் தடுக்கும்.

மூன்றாவது, சொல். எல்லோரும் "நாளைக்குச் சுகமாகும்" என்று நடிக்க, அறிந்தவராகிய நோயாளரும் அறியாதார்போல் நடிக்கின்றார். இதனினும் கொடிய தனிமை இல்லை. அவர் கேட்கும் அளவுக்கு உண்மையை மெல்லச் சொல்லுக. பேச்சு அடங்கியபின்னும் செவி கேட்டல் கூடும். ஆதலின் அருகிருந்து காணிப் பங்கு பேசற்க. அவர் விரும்பியவராயின் சிவபுராணத்தைத் தாழ்ந்த குரலில் ஓதுக.

நான்காவது, குடும்பத்தைத் தாங்குதல். நம் நாட்டிலே வீடு பெண்மக்களுக்கே சீதனமாதலின், பெற்றோர் பெரும்பாலும் மகள் வீட்டிலே கண்மூடுவர். இரவும் பகலும் விழித்திருப்பவள் அவளே. ஓர் இரவு வேறொருவர் காவலிருக்க அவள் உறங்கட்டும். வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மருந்து வாங்கிவர ஒருவர் முன்வரட்டும். அந்தியேட்டி முடிந்து ஊர் கலைந்தபின்னரே துயரம் கனக்கும். அப்பொழுதும் சென்று காண்க.

ஆசிரியராகிய நமக்குச் சிறப்பாக ஒரு கடமை உண்டு. பாடம் எழுதாது வந்த பிள்ளையைக் கண்டிக்குமுன், "வீட்டிலே யாருக்குச் சுகமில்லை?" என்று கேளுங்கள். பிள்ளைகளை மரணப்படுக்கையினின்று விலக்கி வைத்தலும் நன்றன்று. அம்மம்மாவின் கையைப் பிடித்திருந்த பிள்ளை பின்னாளில் பிறர் கையைப் பிடிக்க அஞ்சாது.

அம்முதியவரிடம் பின்னர்க் கிழமைக்கு இருமுறை சென்றேன். தேவாரம் ஓதலாம் என்றே எண்ணிச் சென்றேன். அவரோ, "குளத்திலே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? மேட்டு வயலுக்குப் பாய்ந்ததா?" என்றே கேட்டார். அதன்பின் ஒவ்வொரு முறையும் உன்னிச்சைக் குளத்து அணையில் ஏறி நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டே அவர் வீட்டுக்குச் செல்வேன். சொல்லும்போது அவர் முகம் மலரும். ஒருநாள் தாமே, "இனி ஒரு பதிகம் படியுங்கள், வாத்தியார்" என்றார். முன்னர்க் குளத்தைப் பற்றிச் சொல்லாதிருந்தால் அவர் பின்னர்ப் பதிகம் கேட்டிரார் என்பதே என் துணிபு.

ஒவ்வொரு பாடசாலையும் தன் அயலிலே இத்தகைய வீடு ஒன்றையேனும் அறிந்து, இக்கிழமையே சென்று காண்பதாக.

திருச்சிற்றம்பலம்.